இசைத்தட்டுக் கிண்ணம்

என் வயதை ஒட்டியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு ஷோகேஸில் கறுப்பாக, ஓரமெல்லாம் பூ மாதிரி நெளிந்த ஒரு கிண்ணம் இருந்ததா? நடுவில் வட்டமாக ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். அதில் ஆங்கில எழுத்து சுற்றிச் சுற்றி ஓடும். உள்ளே பிளாஸ்டிக் ரோஜாவோ, சாவிக்கொத்தோ, அறுந்துபோன பட்டன்களோ கிடக்கும். என்னவென்று கேட்டால், "ரெக்கார்டைச் சுடவச்சு நானே செஞ்சது" என்று அந்த வீட்டுப் பெண்மணி பூரித்துப் போய்ச் சொல்லியிருப்பார். நீங்களும் "அட, நல்லாருக்கே" என்றிருப்பீர்கள். நானும் அப்படிச் சொன்னவள்தான். அந்தக் கிண்ணத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்குச் சிரிப்புக்கூட வரும். போன மாதத்திலிருந்து வருவதில்லை. வயிறு எரிகிறது.

எங்கள் வீடு கடலூர் ஓ.டி.யில் இருந்தது. பழைய ஊர். உப்பனாற்றுக்கும் எங்கள் கொல்லைக்கும் நடுவில் ஒரு கருவாட்டுக் கிடங்கும் நாலு பூவரச மரமும்தான். அப்பாவுக்குக் கூட்ஸ் ஷெட்டில் வேலை. அப்பாவின் தங்கை, என் அத்தை, கல்யாணம் ஆன பிறகும் எங்களோடுதான் இருந்தாள். அத்தையைக் கட்டிய மாமா வீட்டோடு மாப்பிள்ளை. அந்த இரண்டு சொல்லை எங்கள் வீட்டில் எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள்.

மாமாவுக்குத் துறைமுகத்தில் சரக்குத் தோணியில் வேலை. பெரிய கப்பல்கள் கரைவரைக்கும் வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணிக்காரர்கள் துடுப்புப் போட்டுப் போய் மூட்டைகளை ஏற்றி இறக்குவார்கள். துடுப்புப் போடும்போது ஒருவர் பாட்டெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ சொல்லி இழுக்க வேண்டும். பாட்டெடுத்துக் கொடுப்பவர் மாமா. அன்றன்றைக்கு நடந்ததையெல்லாம் அங்கேயே பாட்டாகக் கட்டிவிடுவார். மேஸ்திரி திட்டினாலும் பாட்டு, மீன் விலை ஏறினாலும் பாட்டு. நான் பள்ளிக்கூடம் விட்டு ஆற்றோரமாக வந்தால், என் பையில் இங்க் கொட்டியதைக்கூட எங்கிருந்தோ பார்த்துவிட்டு, தோணியில் இருந்தபடியே பாடுவார். தோணி முழுக்க இருக்கிற ஆட்கள் என் இங்க்குக்கு ஏலேலோ போடுவார்கள். அந்தக் குரலில் லேசாக ஒரு கரகரப்பு உண்டு. இழுத்து நிறுத்தும் இடத்தில் அது உடையப் போவதுபோல இருக்கும், ஆனால் உடையாது.

சிதம்பரத்தில் இருந்த பெரியப்பாவுக்கு இது பிடிக்காது. அவர் ஹெட்மாஸ்டர். கச்சேரி கேட்கிறவர். முதல் வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறவர். "பாட்டு சோறு போடுமாய்யா?" என்று ஒருநாள் எங்கள் வீட்டுக் கூடத்தில், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மாமாவைப் பார்த்துக் கேட்டார். மாமா கையில் இருந்த கவளத்தை இலையில் வைத்தார்.

"போடும் மச்சான்," என்றார்.

"அப்ப அந்தச் சோத்தத் தின்னுட்டு வா. அதுவரைக்கும் இந்த வாசப்படி மிதிக்காத."

எங்கள் அப்பா குனிந்து சோற்றைப் பிசைந்தார். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசி அவருக்குப் பழக்கம் இல்லை. அந்த வாரமே மாமா ஒரு கப்பலில் வேலைக்குச் சேர்ந்து போய்விட்டார். அத்தைக்கு அப்போது இருபத்துச் சொச்சம் வயது. எனக்கு ஒன்பதோ பத்தோ.

ஒரு வருஷம் தகவல் இல்லை. மாமாவுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுதத் தெரியாது. யாரையாவது விட்டு எழுதச் சொன்னாலும், இங்கே அதை வாங்கிப் படித்துக் காட்டப் போவது அப்பாவோ பெரியப்பாவோதான். அது அவருக்கும் தெரியும்.

பிறகு ஒரு மார்கழிக் காலையில் பரங்கிப்பேட்டை பாய் வந்தார். வேறொரு கப்பலில் வேலை பார்ப்பவர், மாமாவுக்குச் சிநேகிதர். வாசலில் நின்று, புது லுங்கியில் சுற்றிய ஒரு சதுரமான பொட்டலத்தை நீட்டினார். அத்தர் வாசனையும் டீசல் வாசனையும் கலந்து அடித்தது.

"அல்லா காவல்ல ஆளு நல்லா இருக்காரு தங்கச்சி. ஒரு தொறமொகத்துல பாத்தேன். இத உங்ககிட்டயே குடுக்கச் சொன்னாரு. அஞ்சு பாட்டுத் தட்டு இருக்குது. மச்சான்மாருங்க, புள்ளைங்க, எல்லாரும் ஒண்ணா குந்தி முழுசா கேக்கணுமாம். எதையும் பாதியில நிறுத்தக் கூடாதாம்."

அத்தை பொட்டலத்தை மார்போடு வாங்கிக்கொண்டாள். "எப்ப வராராம்?"

"இன்ஷா அல்லா, சித்திரையில அவரு கப்பலு கடலூருக்கு வருது."

"வேற எதுனா சொன்னாரா?"

"கேட்டேனே. சிரிச்சாரு. முழுசா கேக்கச் சொல்லு, போதும்னாரு."

பொட்டலத்தைப் பிரித்ததும் நான் பார்த்த அந்த அட்டைகளை இன்றைக்கும் என்னால் வரைய முடியும். ஒன்றில் வயிறு பருத்த ஒரு தந்தி வாத்தியம், பின்னால் மணல். ஒன்றில் உயரமான முரசுகளை அடிக்கும் மனிதர்கள். அவர்கள் தோளில் வெயில் பளபளக்கும். ஒன்றில் மலைச்சரிவில் பூப்பின்னல் சட்டை போட்ட பெண்கள் கைகோர்த்து நின்றார்கள். இன்னொன்றில் ஒரு மூங்கில் குழல் மட்டும், வேறு ஒன்றுமே கிடையாது. கடைசி அட்டையில் மையால் வரைந்த ஒரு கப்பல். நான் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தேன். புதுப் புத்தகமும் சீமெண்ணெயும் சேர்ந்த வாசனை. அந்த ஐந்தையும் தாண்டி இந்த உலகத்தில் வேறென்ன இருக்கப் போகிறது என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் வீட்டில் கேட்க வழியில்லை. தட்டு போடும் பெட்டி சிதம்பரத்தில் பெரியப்பா வீட்டில்தான் இருந்தது. திருவாதிரைக்குக் குடும்பம் முழுக்க அங்கேதான் கூடும். தேர் பார்த்துவிட்டு, களியும் ஏழுகறிக் கூட்டும் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது வழக்கம். அந்த வருஷம் ரயிலில் அத்தை தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். உட்கார இடம் கிடைத்தும் பாதி வழி நின்றே வந்தாள், யாராவது மேலே சாய்ந்துவிடுவார்கள் என்று.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரேடியோகிராம் என்பார்கள். அலமாரி மாதிரி மரத்தில், மேலே குரோஷா துணி போட்டு, கூடத்தின் நடுவில் இருக்கும். பெரியப்பா தவிர யாரும் தொடக் கூடாது. அதற்கு ஒரு ஊசி உண்டு. அது மெட்ராஸில்தான் கிடைக்கும், ஆகவே அந்த வீட்டில் எல்லாவற்றையும்விட மேலான பொருள் அந்த ஊசிதான். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால்கூட அவ்வளவு கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. கர்நாடக சங்கீதத் தட்டுகளுக்கு மட்டும் அது தேயலாம். மற்றவற்றுக்குத் தேயக் கூடாது.

களி சாப்பிட்ட பிறகு எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தோம். பெரியப்பா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு முதல் தட்டைப் போட்டார். மணல் படம் போட்டது. யாரோ ஒருவர் மெதுவாக ஒரு தந்தியைத் தொட்டார், யோசித்தார், இன்னொன்றைத் தொட்டார். பெரியப்பா ஊசியைத் தூக்கிவிட்டார்.

"சுருதி சேக்கறதுக்கே விடிஞ்சிடும் போல."

இரண்டாவது தட்டு. முரசு. அடிவயிற்றில் அதிர்ந்தது. என் சித்தப்பா மகன் எழுந்து ஆடத் தொடங்கினான். அவனுக்கு ஒரு அடி, ஊசிக்கு ஓய்வு. "எழவு வீட்டு மோளம்."

மலைப்பெண்கள் பாடியபோது எனக்குக் கை மயிர் சிலிர்த்தது. இரண்டு குரல்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து, சேராமல் உரசிக்கொண்டு நின்றன. அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. "அபஸ்வரம்," என்றார் பெரியப்பா. தூக்கினார். மூங்கில் குழலுக்கு மூச்சுவிடக்கூட நேரம் கொடுக்கவில்லை.

கடைசித் தட்டு கப்பல் படம் போட்டது. பெரியப்பா அட்டையை வாசித்தார். அவருக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. "கப்பக்காரனுங்க பாட்டாம்," என்றார். முதல் பாட்டு எந்த ஊர் மாலுமியோ. முரட்டுக் குரல், பின்னால் சங்கிலி இழுபடும் சத்தம். பெரியப்பா கூடத்தைப் பார்த்துச் சிரித்தார், எல்லாரும் சிரித்தார்கள்.

"நம்ம தொறமொகக் கூலிங்களே பரவால்ல போல."

அவர் ஊசியைத் தூக்கப் போனபோதுதான் அத்தை பேசினாள். அந்தக் கூடத்தில், அத்தனை ஆண்கள் நடுவில், அவள் வாய் திறந்து நான் பார்த்தது அதுதான்.

"பெரியண்ணே, முழுசா கேக்கச் சொன்னாருன்னு பாய் சொன்னாரே."

"ஊசி இன்னா வெலைன்னு உன் புருஷனுக்குத் தெரியுமா?"

ஊசி மேலே போய்விட்டது. அட்டையில் அந்தத் தட்டின் பாட்டுகள் வரிசையாக அச்சடித்திருந்தன. நாலாவது பாட்டில் இந்தியா என்று ஒரு சொல் இருந்தது என்று இப்போது தெரிகிறது. எனக்கு அப்போது அந்த ஒரு சொல்லைக் கூட்டிப் படிக்கும் அளவுக்கு ஆங்கிலம் தெரியாது. பெரியப்பாவுக்குத் தெரியும். ஊரில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவர் அவர்!

தட்டுகள் அங்கேயே இருக்கட்டும், எங்கள் வீட்டில் வைத்து என்ன செய்யப் போகிறோம் என்று முடிவானது. யார் முடிவு செய்தது என்று கேட்காதீர்கள். அப்படிப்பட்ட முடிவுகள் நம் வீடுகளில் தாமாகவே ஆகும்.

பொங்கலுக்குப் போனபோது கொல்லையில் ஒரு நாற்றம். தார் உருகுவதுபோல, தலைமுடி கருகுவதுபோல. பெரியம்மா கரியடுப்பின் அனலில் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, அதன்மேல் மலைப்பெண்கள் தட்டை வைத்திருந்தார். தட்டு மெல்ல மெல்லத் தளர்ந்து, ஓரம் தொங்கி, பாவாடை விரித்தாற்போல் மடிந்தது. ஈரத்துணியால் அழுத்தி எடுத்தார். "பக்கத்தூட்டு மாமி சொல்லிக் குடுத்தாங்க. ஷோவா இருக்குது பாரு." பாவம், அவர் கெட்டவர் இல்லை. வீட்டுக்காரர் வேண்டாம் என்று ஒதுக்கிய பொருளை வீணாக்காமல் ஏதோ செய்தார். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை என்று சொல்ல ஆசைதான். சொல்ல முடியவில்லை.

ஐந்தும் கிண்ணமாயின. அட்டைகள் சமையல் அலமாரிக்கு விரிப்பாகப் போயின. நான் அலமாரியைத் திறந்து முரசுக்காரர்கள்மேல் மிளகாய்த்தூள் டப்பா இருப்பதைப் பார்த்துவிட்டு மூடினேன். நடு ஓட்டைகளில் மெழுகுவத்தி சொட்டி அடைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று கொடுத்தார்கள். கப்பல் தட்டுக் கிண்ணத்தைப் பெரியம்மா அத்தையின் கையில் வைத்தார். "உன் ஊட்டுக்காரரு அனுப்புனது. நீயே ஒண்ணு வச்சுக்க." அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதில் கொண்டை ஊசிகளைப் போட்டு வைத்தாள்.

சித்திரை வந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை. பெரியப்பா ஓ.டி.க்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார், மாப்பிள்ளை வந்தால் விசாரிக்க. அத்தை நாலு நாளாகவே தினம் தலைக்குக் குளித்தாள். ஒரு காலையில் கடல் பக்கமிருந்து சங்கு ஊதியது. கருவாட்டுக் கிடங்கின் தகரமெல்லாம் அதிர்ந்தது. அத்தை அடுப்படியில் மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையைக்கூடக் கழுவாமல் வாசலுக்கு வந்தாள்.

"அவர் கப்பலா இருக்குமாண்ணே? கரைவரைக்கும் போய்ப் பாத்துட்டு வரட்டுமா? பாப்பாவக் கூட்டிக்கினு போறேன்."

பாப்பா என்றால் நான். நான் செருப்பை மாட்டிவிட்டேன்.

"நீ எதுக்குப் போவணும்?" என்றார் பெரியப்பா. "வர வேண்டியவன் அவன். வந்து கால்ல உழுந்துட்டு ஊட்டுக்குள்ள வரட்டும். பொம்பள போய்க் கரையில நின்னா ஊரு சிரிக்கும்."

அப்பா தினசரித் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதிலேயே கண்ணாக இருந்தார். அத்தை உள்ளே போய்விட்டாள்.

வெயில் ஏறியபோது பரங்கிப்பேட்டை பாய் வந்தார். வேர்த்து விறுவிறுத்து, வாசலிலேயே நின்றார். "கரையில நிக்கிறாரு. நான் ஊட்டுக்கு வாங்கன்னேன், மாட்டேன்றாரு. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கினு வரச் சொன்னாரு. தட்ட முழுசா கேட்டீங்களா?"

பெரியப்பா என்ன சொன்னார் தெரியுமா? எனக்கு அந்தக் குரல் இப்போதும் காதுக்குள் கேட்கிறது.

"கேட்டாச்சு, கேட்டாச்சு. சகிக்கலைன்னு சொல்லு."

பாய் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார். அத்தை கதவுக்குப் பின்னால் இருந்தாள், அவருக்குத் தெரிந்திருக்காது. "அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான். வர்றதுன்னா வரச் சொல்லு."

மத்தியானம் குழம்பு கொதித்து இறங்கியது. சாயங்காலம் குழம்பு ஆறியது. மறுபடி சங்கு ஊதியது. அத்தை எழுந்து போய் எல்லாருக்கும் இலை போட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஐம்பது வருஷம் ஓடிய பேச்சு இதுதான்: வந்தவன், கரைவரைக்கும் வந்தவன், கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீட்டுக்கு வரவில்லை. கட்டியவளை ஒரு எட்டு வந்து பார்க்கவில்லை. அங்கே எவளோ இருப்பாள். இதை அத்தையின் காதுபடச் சொன்னார்கள், அவளுக்கு ஆறுதல் என்று நினைத்துக்கொண்டு. பெரியப்பா அவளைச் சிதம்பரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். "தங்கச்சிய நான் கைவிட மாட்டேன்" என்றார். ஊர் அவரை மெச்சியது. அத்தை அந்த வீட்டின் அடுப்படியில் நுழைந்தவள், மூட்டுவலி வந்து நிற்க முடியாமல் போகும்வரை வெளியே வரவில்லை. கழுத்தில் இருந்ததை மட்டும் யார் சொல்லியும் கழற்றவில்லை. மாமாவைப் பற்றிப் பிறகு ஒரு தகவலும் இல்லை. பாயும் எங்கள் தெருவுக்கு வரவில்லை.

நான் படித்தேன், வேலைக்குப் போனேன், பென்ஷனும் வாங்குகிறேன். ஆனால் கூடத்தில் கேட்டு அறுந்துபோன அந்தத் துண்டுச் சத்தங்கள் காதுக்குள்ளேயே இருந்தன. பஸ்ஸில் போகும்போது, பாத்திரம் கழுவும்போது, மலைப்பெண்களின் குரல் உரசும். மீதி என்னவாக இருக்கும் என்று இருக்கும். என் மகளிடம் ஒருநாள் வாயால் பாடிக் காட்டினேன். அவள் போனில் தேடி, அதே மாதிரி ஒன்றைப் பிடித்துவிட்டாள். உலக இசை என்று ஒரு பெரிய கிடங்கே அதற்குள் இருக்கிறது. மணல் நாட்டுத் தந்தி, முரசு, மூங்கில் குழல், எல்லாம். எந்த ஊசியும் தேயவில்லை. குழல்காரர் ஒரு மூச்சை எங்கே கொண்டுபோய் முடிக்கிறார் என்று அறுபது வயதுக்குமேல் நான் முதல்முறையாகக் கேட்டேன்.

போன மாதம் அத்தையைப் பார்க்க மகளும் நானும் கடலூரிலிருந்து காரில் கிளம்பினோம். மகள் ஓட்டினாள். போனில் அந்தப் பழைய நாட்டுப்புற இசைத் தொகுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓடிக்கொண்டிருந்தன. புதுச்சத்திரம் தாண்டியிருப்போம். சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. ஒரு முரட்டுக் குரல். நான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அடுத்தது ஏதோ பாட்டு, அதற்கடுத்தது ஏதோ பாட்டு. பிறகு தண்ணீர் அடிக்கும் சத்தம். ஒரு குரல், லேசான கரகரப்போடு, எடுத்தது.

*உப்பனாத்து மொகத்துவாரம் — ஏலேலோ*
*ஊரு கேக்கச் சங்கூதும் — ஏலேலோ*

"அம்மா, இது தமிழு!" என்றாள் மகள்.

"வண்டிய நிறுத்து."

*மச்சான் சொன்ன வாசப்படி — ஏலேலோ*
*மிதிக்கமாட்டேன் மானமடி — ஏலேலோ*
*சங்குச் சத்தம் கேட்டதுன்னா — ஏலேலோ*
*சட்டி பானை போட்டுட்டு வா — ஏலேலோ*
*கரையில நீ நின்னியின்னா — ஏலேலோ*
*கையப் புடிச்சிக் கூட்டிப் போறேன் — ஏலேலோ*
*நிக்கலேன்னா புரிஞ்சிக்குவேன் — ஏலேலோ*
*நெஞ்சக் கல்லாக் கட்டிக்குவேன் — ஏலேலோ*

ரோட்டோரம் புளிய மரத்தடியில் கார் நின்றது. லாரிகள் எங்களை உலுக்கிவிட்டுப் போயின. நான் சத்தம் போட்டு அழுதேன் என்று மகள் சொல்கிறாள். எனக்கு அழுத ஞாபகம் இல்லை. பெரியப்பாவைத் திட்டிய ஞாபகம் இருக்கிறது, செத்துப்போன மனிதரை, வாயில் வரக் கூடாத சொல்லாலெல்லாம். "கேட்டாச்சு" என்றாரே! ஒரு மனிதன் கரையில் வெயிலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டு அனுப்புகிறான், கேட்டாச்சு, சகிக்கல என்று பதில் போகிறது. மாமா என்னவென்று எடுத்துக்கொண்டிருப்பார்? கேட்டுவிட்டுத்தான் அவள் வரவில்லை என்று. நாலு பாட்டு தூரம். ஒரு வெற்றிலை போடும் நேரம் அந்த ஊசி தட்டின்மேல் இருந்திருந்தால் போதும்.

மகள் அந்தத் தொகுப்பைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்தாள். கப்பலில் ஏறிப் பதிவு செய்தவர்களின் பெயர்கள் இருந்தன. எந்தக் கருவியில் பதிவு செய்தார்கள் என்றுகூட இருந்தது. நாலாவது பாட்டுக்கு மட்டும் இப்படி: தென்னிந்தியத் தொழிலாளி, பெயர் தெரியவில்லை. வேலைக்கான தாளமே முக்கியம். சொற்களுக்குக் குறிப்பான பொருள் இல்லை.

பொருள் இல்லையாம். எதிரில் நின்று பாடிய ஆளிடம், உன் பெயர் என்ன, என்ன பாடினாய் என்று கேட்க நேரமில்லாதவர்கள் அதை மட்டும் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குக் கீழே யாரோ ஒருவர், இதைப் போட்டால் குழந்தை நன்றாகத் தூங்குகிறது என்று எழுதியிருந்தார். நல்லது, தூங்கட்டும். அங்கே பெரியப்பா ஊசியைத் தூக்கினார், இங்கே இவர்கள் காதைத் தூக்கி வைத்துவிட்டார்கள். யாரை முதலில் கேட்பது?

"அத்தப் பாட்டிக்கு இதப் போட்டுக் காட்ட வேணாம்மா," என்றாள் மகள், வண்டியைக் கிளப்பாமலேயே. "இந்த வயசுல எதுக்கு? தாங்க மாட்டாங்க. இன்னும் கஷ்டம்தான் ஜாஸ்தியாவும்."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அத்தை எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று அவளுக்காக இன்னொருத்தர் முடிவு செய்கிற வேலை ஐம்பது வருஷமாக நடக்கிறது. இந்தக் காருக்குள்ளும் நடக்க வேண்டுமா?

"கெளப்பு," என்றேன்.

அத்தை அதே வீட்டின் பின்கட்டு அறையில் இருக்கிறாள். வீடு இப்போது பெரியப்பா மகனுடையது. அத்தைக்குக் காது மந்தம். நாங்கள் போனபோது கட்டிலில் உட்கார்ந்து சீப்பில் சிக்கிய முடியை எடுத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் மாடத்தில் அந்தக் கிண்ணம் இருந்தது. ஊக்கு, ரப்பர் பேண்டு, காலியான மாத்திரை அட்டை, கொண்டை ஊசிகள். அவற்றைக் கட்டிலில் கொட்டினேன். அடியில் குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிக் கிடந்தது. முந்தானையை நனைத்துத் துடைத்தேன். காகிதம் பாதி உரிந்திருந்தாலும் எழுத்து இருந்தது. மகள் குனிந்து பார்த்தாள், போனைப் பார்த்தாள். "அதேதாம்மா. அதே பேரு," என்றாள்.

"இன்னாடி பண்றீங்க ரெண்டு பேரும்?" என்றாள் அத்தை.

நான் அவள் காதருகில் போய்ச் சொன்னேன். "அத்தை, மாமா அனுப்புன தட்டு. அதுல மாமாவே பாடியிருக்காரு. நாம அன்னிக்குக் கேக்கல. இப்ப கேக்கறியா?"

அவள் சீப்பைக் கீழே வைத்தாள்.

போனைக் காதில் வைத்தால் அவளுக்கு இரைச்சலாகக் கேட்கிறது. கட்டிலில் வைத்தால் கேட்கவில்லை. மகள்தான், சட்டென்று தோன்றியவளாக, போனைக் கிண்ணத்துக்குள் நிறுத்தி, கிண்ணத்தை அத்தையின் மடியில் வைத்தாள். சத்தம் உள்ளே மோதித் திரும்பி, பெரிதாகி, மேலே எழும்பியது. தண்ணீர் அடித்தது. குரல் எடுத்தது.

முதல் ஏலேலோவிலேயே அத்தையின் கை நெஞ்சுக்குப் போய்விட்டது. உதடு அசைந்தது. வாசற்படி வரிக்குத் தலையை ஆட்டினாள், ஆமாம் ஆமாம் என்பதுபோல. சங்குச் சத்தம் வந்ததும் நிமிர்ந்தாள்.

"ஊதுச்சே," என்றாள். "ஊதுச்சேடி. நான் அடுப்பாண்டதானே இருந்தேன்."

கூடத்திலிருந்து பெரியப்பா மகன் வந்தான். அறுபது வயது, அப்படியே அப்பா சாயல், அந்தத் துண்டு உட்பட. "இன்னா சத்தம் இது? உள்ள நியூஸ் ஓடுறது கேக்கல," என்று சொல்லிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், போனை எடுக்கக் கிண்ணத்துக்குள் கையை விட்டான்.

அத்தை அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கைக்கு அவ்வளவு பிடி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"எடுடா கைய. முழுசா கேக்கச் சொன்னாரு."